ஆரப்பாளையத்திலிருந்து சென்னை எவ்வளவு தூரம்? விமான நேரம் என்னும் அளவுகோல் பற்றி ஓர் ஆய்வு

1. கேள்வி

இரண்டு ஊர்களுக்கு இடையே எவ்வளவு தூரம், விமானத்தில் போனால் எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு இன்று நொடிப்பொழுதில் விடை கிடைத்துவிடுகிறது. பெய்ஜிங்குக்கும் ஷாங்காய்க்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 1,070 கிலோமீட்டர், விமானத்தில் இரண்டு மணி நேரம் சொச்சம். மதுரைக்கும் சென்னைக்கும் 417 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை. இந்த இரட்டை எண்கள் பயணிகளுக்கான வெறும் தகவலாக நின்றுவிடுவதில்லை. விமான நிலைய விரிவாக்கத்துக்கு வாதாடுவோர் இவற்றையே சான்றாக வைக்கிறார்கள். தொழில் முதலீட்டைப் பற்றிப் பேசுவோர் 'தலைநகரிலிருந்து ஒன்றேகால் மணி நேரத் தொலைவில்' என்று ஊரை அறிமுகம் செய்கிறார்கள். மத்திய அரசு 2016இல் அறிவித்த உடான் திட்டம், ஒரு மணி நேர விமானப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று கட்டண உச்சவரம்பையே விமான நேரத்தைக் கொண்டு வகுத்தது. ஆக, விமான நேரம் பொதுக்கொள்கையில் ஓர் அளவுகோலாகவே நிலைபெற்றுவிட்டது.

அந்த அளவுகோல் எதை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை மதுரையின் மேற்குப் பகுதியான ஆரப்பாளையத்தைப் புறப்படும் இடமாக வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. ஆரப்பாளையத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மதுரையின் இரண்டு பெரிய வெளியூர்ப் பேருந்து நிலையங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. ரயில்வே சந்திப்பு இரண்டு கிலோமீட்டர் அளவில்தான் உள்ளது. விமான நிலையமோ ஊரின் தென்கோடியில் பெருங்குடிப் பக்கம் இருக்கிறது. மூன்று வகைப் பயணங்களையும் ஒரே தெருவில் நின்று ஒப்பிட இதைவிடப் பொருத்தமான இடம் மதுரையில் இல்லை. கட்டுரையின் வாதம் இதுதான்: ஐந்நூறு கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணங்களில் விமான நேரம் என்பது மொத்தப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, அதை அளவுகோலாகக் கொள்வதால், எஞ்சிய பகுதியில் செய்யக்கூடிய, செலவு குறைந்த, பலருக்கும் பயன்படும் திருத்தங்கள் கண்ணில் படாமல் போகின்றன.

2. ஒரே இரண்டு ஊர், மூன்று தூரங்கள்

மதுரை விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே நிலப்பரப்பின் வளைவைக் கணக்கில் கொண்டு அளந்தால் 417 கிலோமீட்டர். சாலையில் அது 460 கிலோமீட்டரை ஒட்டி வரும். ரயிலில் மதுரைச் சந்திப்பிலிருந்து எழும்பூர் வரை 493 கிலோமீட்டர். சாலைக்கும் ரயிலுக்கும் உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி திருச்சிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. சாலை மேலூர், கொட்டாம்பட்டி, துவரங்குறிச்சி, விராலிமலை என்று வடகிழக்கே நேராகப் போகிறது. ரயில் பாதை முதலில் வடமேற்கே திண்டுக்கல்லுக்கு 62 கிலோமீட்டர் போய், அங்கிருந்து கிழக்கே திரும்பி 93 கிலோமீட்டரில் திருச்சியை அடைகிறது. 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தபோது வகுக்கப்பட்ட தடம் அது. நூற்றைம்பது ஆண்டுகளாக மதுரையிலிருந்து சென்னை செல்லும் ஒவ்வொரு ரயிலும் அந்தச் சுற்றைச் சுற்றியே போகிறது.

விமானத்தின் 417 கிலோமீட்டரும் முழுக்கப் பறக்கும் தூரம் அல்ல. மதுரையின் ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்திருக்கிறது. போகவேண்டிய திசையோ வடகிழக்கு. எழும்பிய விமானம் ஒரு வளைவு எடுத்துத்தான் தன் திசைக்கு வருகிறது. சென்னையின் முதன்மை ஓடுபாதையும் ஏறத்தாழ மேற்கிலிருந்து கிழக்காகச் சற்றே வடக்கு சாய்ந்து கிடக்கிறது. காற்று மேற்கிலிருந்து வலுவாக வீசும் காலங்களில், தெற்கிலிருந்து வரும் விமானம் கடற்பக்கம் சுற்றி வந்து மேற்கு நோக்கி இறங்கவேண்டும். வாடைக் காலத்தில் நிலப்பக்கமாக வந்து இறங்குகிறது. வரைபடத்தின் நேர்கோட்டில் இவை எதுவும் தெரியாது.

3. விமான நேரம் என்று சொல்லப்படுவது எது?

பயணச்சீட்டில் அச்சாகும் நேரம் வானில் பறக்கும் நேரம் அல்ல. நிறுத்துமிடத்தை விட்டு விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, அடுத்த நிலையத்தில் நிறுத்துமிடம் வந்து நிற்கும் கணம் வரையிலான நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, முன்னால் நிற்கும் விமானம் எழும்பக் காத்திருப்பது, மேலேறுவது, இறங்க வரிசை பிடிப்பது, மீண்டும் ஊர்வது எல்லாம் அதற்குள் அடங்கும். இவற்றோடு, தாமதம் ஆனாலும் நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு காட்ட வசதியாகச் சில நிமிடங்களை விமான நிறுவனங்கள் கூட்டி வைப்பதும் உலகம் முழுக்க உள்ள வழக்கம். ரயில் அட்டவணையிலும், கடைசி நிலையங்களுக்கு முன்பாக இப்படி ஈடுகட்டும் நிமிடங்கள் சேர்க்கப்படுவது உண்டு.

மதுரை–சென்னைத் தடத்தில் பெரிதும் ஓடுபவை இரட்டைச் சுழல்விசிறி கொண்ட ஏடிஆர் 72 விமானங்கள். இவற்றின் சீர்வேகம் மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் அளவு. 417 கிலோமீட்டரை அந்த வேகத்தால் வகுத்தால் ஐம்பது நிமிடம் வருகிறது. அட்டவணையோ எழுபத்தைந்து முதல் தொண்ணூறு நிமிடம் கேட்கிறது. அதாவது, அறிவிக்கப்படும் விமான நேரத்துக்குள்ளேயே கால் மணிக்குக் குறையாத, சில வேளை அரை மணியையும் தாண்டும் பகுதி தூரத்தோடு தொடர்பில்லாதது. நூறு கிலோமீட்டர் பறந்தாலும் ஆயிரம் கிலோமீட்டர் பறந்தாலும் அந்தப் பகுதி ஏறக்குறைய அப்படியே இருக்கும். குறுந்தொலைவில் ஏடிஆருக்குப் பதிலாக மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் செல்லும் ஜெட் விமானத்தை விட்டால் மிச்சமாவது கால் மணி நேரம்தான். ஏறவும் இறங்கவும் ஆகும் தூரத்தைக் கழித்துவிட்டால், முழு வேகத்தில் பறக்க எஞ்சுவது முந்நூறு கிலோமீட்டரை ஒட்டியதே. வேகத்தை ஒன்றரை மடங்குக்கு மேல் கூட்டியும் கிடைக்கும் பலன் இவ்வளவுதான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போகலாம்.

4. தெருவிலிருந்து தெருவுக்கு

ஆரப்பாளையம் குரு தியேட்டர் சந்திப்புப் பக்கத்தில் குடியிருக்கும் ஒருவர் எழும்பூர் வட்டாரத்துக்குப் போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இங்கே தரும் நிமிடங்கள் நியாயமான மதிப்பீடுகள். நாளுக்கும் நேரத்துக்கும் ஏற்ப மாறுபவை. காளவாசல், பைபாஸ் சாலை, பழங்காநத்தம் வழியாகவோ நகருக்குள் அவனியாபுரம் வழியாகவோ விமான நிலையம் போய்ச்சேர நாற்பது நிமிடம். உள்நாட்டு விமானங்களுக்குப் புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி முன்பாகவே செக்-இன் மூடப்படுவது வழக்கம் என்பதால், பெட்டியோடு போகிறவர் ஒன்றரை மணி நேரம் முன்னதாக அங்கே இருக்கவேண்டும். விமான நேரம் எண்பது நிமிடம். இறங்கி, பெட்டி வந்து, வெளியேற இருபத்தைந்து. 2016இல் மீனம்பாக்கம் விமான நிலையம் வரை வந்த சென்னை மெட்ரோவைப் பிடித்து, காத்திருப்பும் நடையும் சேர்த்து எழும்பூர் போக ஐம்பத்தைந்து. மொத்தம் 290 நிமிடம். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் குறைவு. இதில் விமான நேரம் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பங்கு மட்டுமே.

அதே மனிதர் வந்தே பாரத் ரயிலில் போனால்? 2023 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய திருநெல்வேலி–சென்னை வந்தே பாரத்தும், 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய நாகர்கோவில்–சென்னை வந்தே பாரத்தும் மதுரைக்கும் எழும்பூருக்கும் இடையே ஆறு மணி நேரத்தை ஒட்டியோ சற்றுக் குறைவாகவோ எடுத்துக்கொள்கின்றன. சந்திப்புக்குப் போகப் பதினைந்து நிமிடம், நடைமேடையில் இருபத்தைந்து, ஓட்டம் 350, இறங்கி வெளியே வரப் பத்து. மொத்தம் 400 நிமிடம். ஆறு மணி நாற்பது. இதில் ரயில் ஓடும் நேரம் நூற்றுக்கு எண்பத்தேழுக்கு மேல்.

இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். விமான நேரத்தையும் ரயில் ஓடும் நேரத்தையும் மட்டும் ஒப்பிட்டால் எண்பதுக்கு முந்நூற்றைம்பது. விமானம் நான்கு மடங்குக்கு மேல் விரைவு. வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் இருநூற்றுத் தொண்ணூறுக்கு நானூறு. ஒன்றரை மடங்குகூட இல்லை. மிச்சமாகும் நூற்றுப்பத்து நிமிடம் உண்மையானது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நான்கு மடங்கு என்ற மனப்பதிவின் மேல் எழுப்பப்படும் முடிவுகளை அந்த நூற்றுப்பத்து நிமிடம் தாங்காது.

நேரத்தின் தன்மையும் வேறுபடுகிறது. விமானப் பயணத்தின் 290 நிமிடமும் ஐந்து துண்டுகளாக உடைந்தவை. வண்டியிலிருந்து வரிசைக்கு, வரிசையிலிருந்து இருக்கைக்கு, இருக்கையிலிருந்து பெட்டிக்கு என்று மாறிக்கொண்டே இருக்கவேண்டும். ரயிலின் முந்நூற்றைம்பது நிமிடம் ஒரே இருக்கையில் தொடர்ச்சியாகக் கிடைப்பது. படிக்கலாம், எழுதலாம், உறங்கலாம். இரவு ரயிலைக் கணக்கில் சேர்த்தால் ஒப்பீடு இன்னும் மாறுகிறது. இரவு புறப்பட்டு விடியலில் எழும்பூரில் இறக்கிவிடும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் கடிகாரக் கணக்கில் எட்டு மணி நேரத்தை ஒட்டி எடுத்துக்கொண்டாலும், விழித்திருக்கும் நேரத்திலிருந்து அது எடுப்பது மிகக் குறைவு. பகல் முழுதும் வேலை முடித்து, மறு இரவு அதே ரயிலில் திரும்புகிறவருக்கு ஒரு பகலும் வீணாவதில்லை. தென்மாவட்டத்து மக்கள் சென்னையோடு இத்தனை காலம் உறவு வைத்திருப்பது பெரும்பாலும் இந்த இரவுகளின் வழியாகத்தான். விமான நேரம் என்னும் அளவுகோலில் அதற்கு ஓர் இடமே இல்லை.

5. சீன அனுபவம் சொல்வது

விமான நேரமா, முழுப் பயண நேரமா என்ற கேள்வி சீனாவில் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. 2010 பிப்ரவரியில் செங்சோவுக்கும் சியானுக்கும் இடையே அதிவேக ரயில் தொடங்கியது. ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர். மதுரை–சென்னை ரயில் தூரத்துக்கு மிக நெருக்கமான அளவு. ரயில் இரண்டு மணி நேரத்தில் சேர்த்துவிட்டது. இரண்டே மாதத்துக்குள் அந்த இரு நகரங்களுக்கு இடையிலான விமானங்கள் நின்றுபோயின. விமானம் மெதுவாகப் பறக்கத் தொடங்கிவிடவில்லை. அட்டவணையில் அது அதே ஒரு மணி சொச்சம்தான். மொத்தப் பயண நேரத்தில் அது தோற்றுப்போனது. 2009 டிசம்பரில் ஊஹானுக்கும் குவாங்சோவுக்கும் இடையே 968 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் கடக்கும் ரயில் வந்தபோதும் விமான நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட வேண்டியதாயிற்று.

எதிர்ச்சான்றும் சீனாவிலேயே இருக்கிறது. 2011 ஜூன் 30 அன்று திறக்கப்பட்ட பெய்ஜிங்–ஷாங்காய் அதிவேக ரயில் 1,318 கிலோமீட்டரை, 2017 முதல் மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில், நான்கு மணி பதினெட்டு நிமிடம் வரை குறைத்துக் கடக்கிறது. இருந்தும் அத்தடத்து விமானங்கள் இன்றும் நிரம்பி ஓடுகின்றன. ரயில் வந்தால் விமானம் அழிந்துவிடும் என்ற எளிய முடிவை இது தடுக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், தூரத்தோடு தொடர்பில்லாத தரைநேரம் மொத்தத்தில் சிறு பங்காகிவிடுவதால் விமானம் தன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அங்கேகூட, எந்த விமான நிலையம் என்பது விடையை மாற்றிவிடுகிறது. ஷாங்காயின் ஹோங்சியாவ் விமான நிலையம் அதிவேக ரயில் நிலையத்தோடு ஒட்டி நிற்கிறது. பூடோங் விமான நிலையமோ நகரின் கிழக்கே முப்பது கிலோமீட்டர். பெய்ஜிங்கில் 2019இல் திறந்த தாசிங் நிலையம் தியானன்மென் சதுக்கத்திலிருந்து தெற்கே 46 கிலோமீட்டர். ஹோங்சியாவில் இறங்குபவருக்கும் பூடோங்கில் இறங்குபவருக்கும் விமான நேரம் ஒன்றே. ஊருக்குள் போய்ச்சேரும் நேரம் ஒன்றல்ல.

'சீனாவின் பணமும் நில அதிகாரமும் நமக்கு ஏது?' என்ற கேள்வி நியாயமானது. மணிக்கு 350 கிலோமீட்டர் ரயிலை மதுரைக்குக் கேட்பது இக்கட்டுரையின் நோக்கம் அல்ல. கணக்கு அதைக் கோரவும் இல்லை. வந்தே பாரத் மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் ஓடவல்ல வண்டி. மதுரை–எழும்பூர் இடையே அதன் சராசரி வேகம் 85 கிலோமீட்டர் அளவில் நிற்கிறது. வண்டியின் குறை அல்ல அது. வளைவுகள், வேகக் கட்டுப்பாடுகள், முன்னால் செல்லும் ரயில்கள் ஆகியவற்றின் விளைவு. சராசரியை 110ஆக உயர்த்தினால் 493 கிலோமீட்டர் நாலரை மணி நேரத்தில் முடியும். வாசலிலிருந்து வாசலுக்கு ஐந்து மணி இருபது நிமிடம். விமானத்துக்கும் ரயிலுக்கும் உள்ள இடைவெளி அரை மணியாகச் சுருங்கிவிடும். 110 என்பது கனவு எண்ணும் அல்ல. 2016 ஏப்ரலில் டில்லி–ஆக்ரா இடையே தொடங்கிய கதிமான் எக்ஸ்பிரஸ் 188 கிலோமீட்டரை நூறு நிமிடத்தில் கடந்தது. அது மணிக்கு 113 கிலோமீட்டர் சராசரி, அதுவும் ஏற்கெனவே இருந்த தடத்தில்.

இங்கே தமிழ்நாட்டின் சொந்த வரலாறு ஒன்றைப் பார்ப்பது பொருத்தம். 1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர் கேஜில் வைகை எக்ஸ்பிரஸ் தொடங்கியபோது மதுரை–சென்னைப் பயணம் ஏறத்தாழ ஏழு மணி நேரம். அதன் பிறகு அகலப்பாதை வந்தது, மின்மயம் வந்தது, இரட்டைப் பாதை வந்தது. வைகை இன்றும் ஏழு மணி நேரத்துக்கு மேல்தான் எடுத்துக்கொள்கிறது. 2019 மார்ச் 1 அன்று வந்த தேஜஸ் ஆறரை மணியாகக் குறைத்தது. வந்தே பாரத் இன்னும் அரை மணிக்குமேல் குறைத்தது. குறைந்த நேரமெல்லாம் கூடுதல் கட்டணம் கொடுப்பவருக்கே போய்ச்சேர்ந்திருக்கிறது. இருநூறு ரூபாயை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்து போகிறவருக்கு அரை நூற்றாண்டாகச் சென்னை ஓர் அங்குலமும் நெருங்கி வரவில்லை. இந்தக் கட்டுரைக்காகப் பார்த்த சான்றுகளில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

6. கோவை: விமானமே இல்லாத விமான நேரம்

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தின் இயல்பான திசை சென்னை அல்ல, மேற்கும் வடமேற்கும். 1999இல் மாட்டுத்தாவணி நிலையம் வந்து சென்னை, திருச்சி, நெல்லைப் பேருந்துகள் அங்கே குவிந்த பின்பும், திண்டுக்கல், தேனி, குமுளி, கொடைக்கானல், பழனி, கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் வண்டிகள் ஆரப்பாளையத்திலேயே தங்கின. எனவே கோவையைப் பற்றிக் கேட்பது தேவையாகிறது. இரு நகர விமான நிலையங்களுக்கும் நேர்கோட்டில் 175 கிலோமீட்டர். தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அரை மணி கூட்டும் பொதுச் சூத்திரம் இதற்கும் ஒரு விமான நேரத்தைத் தந்துவிடும்: முக்கால் மணியை ஒட்டி. அப்படி ஒரு நேரடி விமானம் இல்லை. விமானத்தில்தான் போகவேண்டும் என்றால் சென்னையோ பெங்களூரோ போய் மாறவேண்டும். சூத்திரம் தரும் எண்ணுக்கும் மனிதர் போகக்கூடிய வழிக்கும் தொடர்பு முற்றாக அறுந்துபோகும் இடம் இது.

உண்மையில் நடப்பது வேறு. ஆரப்பாளையத்தில் ஏறி, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம், சூலூர் வழியாக ஐந்து மணி நேரத்தை ஒட்டிச் சிங்காநல்லூரில் இறங்குகிறார்கள். பழனி, பொள்ளாச்சி வழி ரயில் பாதை அகலப்பாதையாக மாற ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்து, 2015இல் பழனி–பொள்ளாச்சியும் 2017இல் பொள்ளாச்சி–போத்தனூரும் திறந்தன. ஆனால் அவ்வழியே ஓடும் நேரடி ரயில்கள் மிகச் சில. பேருந்தோ பகலும் இரவும் அடுத்தடுத்துப் புறப்படுகிறது. அட்டவணை பார்க்காமல் வீட்டை விட்டு இறங்கும் பயணிக்குச் சராசரிக் காத்திருப்பு இரு வண்டிகளுக்கு இடையிலான நேரத்தில் பாதி. கால் மணிக்கொரு பேருந்து என்றால் ஏழெட்டு நிமிடம். நாளுக்கு ஒரு ரயில் என்றால், அந்த ரயிலின் நேரத்துக்குத் தன் வேலையையே வளைத்துக்கொள்ள வேண்டும். இதனால்தான் வேகத்தில் ரயிலை மிஞ்சாத பேருந்து இத்தடத்தில் மக்களைத் தன்பக்கம் வைத்திருக்கிறது. பேருந்து நிலையத்தில் 'ஒன் டூ ஒன்', 'பைபாஸ் ரைடர்' வண்டிகளைத் தேடி ஓடுகிறவர்கள் அரை மணி மிச்சம் பிடிக்கத் தெரிந்தவர்கள். முழுப் பயணக் கணக்கை எந்தச் சூத்திரத்தையும் விடச் சரியாக அவர்கள் மனதில் போட்டுவைத்திருக்கிறார்கள்.

7. மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு, சேரும் இடத்தைப் பற்றியது. எழும்பூரைத் தேர்ந்தது ரயிலுக்குச் சாதகம் அல்லவா? கிண்டிக்கோ பழைய மகாபலிபுரம் சாலைக்கோ போகிறவருக்கு விமானம் இன்னும் அரை மணிக்கு மேல் மிச்சப்படுத்துமே? உண்மை. பாரிமுனைக்கோ பெரம்பூருக்கோ போகிறவருக்கு அது தலைகீழாகும் என்பதும் உண்மை. இந்த மறுப்பு வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது: விடையைத் தீர்மானிப்பது நடுவில் உள்ள 417 கிலோமீட்டர் அல்ல, இரு முனைகளிலும் உள்ள பத்துப் பதினைந்து கிலோமீட்டர் என்பதைத்தான் அது காட்டுகிறது. பேருந்துப் பயணிகள் இதைக் கசப்பாக உணர்ந்திருக்கிறார்கள். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டுத் தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறியபோது மதுரை–சென்னைப் பேருந்துத் தூரம் குறைந்தது. வடசென்னைக்கோ அண்ணா நகருக்கோ போகவேண்டியவரின் பயணம் நீண்டது. மதுரையில் மாட்டுத்தாவணி வந்தபோது ஆரப்பாளையத்துக்காரர் ஒருமுறை கண்டதை, சென்னை முனையில் இரண்டாம் முறை காண்கிறார்.

இரண்டாம் மறுப்பு இன்னும் வலுவானது. ரயிலில் இடம் கிடைப்பதில்லை. வந்தே பாரத்தும் பாண்டியனும் பண்டிகை நாட்களில் காத்திருப்போர் பட்டியலாகவே தொடங்குகின்றன. 2024 நவம்பர் முதல் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்பு திறக்கிறது, திறந்த வேகத்தில் தீர்கிறது. நேற்று முடிவுசெய்து இன்று போகவேண்டியவருக்கு விமானமே வழி. இதை முழுமையாக ஏற்கவேண்டும். ஆனால் அவர் வாங்குவது வேகத்தை அல்ல, இடத்தை. விமானம் இங்கே செய்யும் பணி ரயில்வேயின் இடப்பற்றாக்குறையை நிரப்புவது. அதற்கு மருந்து கூடுதல் ரயில்களும் கூடுதல் பெட்டிகளும்தான். நிமிடங்களே உயிராகும் சில தேவைகள் உண்டு. தானமாகப் பெற்ற உறுப்பைக் கொண்டுசெல்வது அப்படி. அங்கே வரிசையும் செக்-இன்னும் விலக்கப்படுவதால் விமான நேரம் மெய்யாகவே பயண நேரத்தை நெருங்குகிறது. விதிவிலக்கு எதனால் விதிவிலக்காகிறது என்பதையும் அது காட்டிவிடுகிறது.

மூன்றாவது, நேரத்தின் மதிப்பு. அதிகம் சம்பாதிப்பவரின் இரண்டு மணி நேரம் கட்டண வேறுபாட்டைவிட மதிப்புள்ளது என்பது பொருளியலாரின் வழக்கமான வாதம். அவரளவில் அது சரி. ஆனால் பொதுப்பணத்தில் எடுக்கும் முடிவுக்கு எல்லோருடைய நேரமும் கணக்கில் வரவேண்டும். இவான் இல்லிச் 1974இல் ஆற்றலும் சமத்துவமும் பற்றி எழுதிய நூலில், கார் வாங்கவும் பராமரிக்கவும் உழைக்கும் மணி நேரங்களையும் பயண நேரத்தோடு கூட்டினார். அமெரிக்கரின் காரின் உண்மை வேகம் மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவாக வந்தது. அந்த முறையை இங்கே பொருத்தலாம். தமிழ்நாட்டில் 2025–26க்கு நூறு நாள் வேலைத் திட்டக் கூலி நாளுக்கு 336 ரூபாய். உடான் திட்டம் மலிவு என்று வகுத்த 2,500 ரூபாய்கூட ஏழு நாளுக்கு மேற்பட்ட கூலி. மதுரை–சென்னை உடான் தடம் அல்ல. கட்டணத்துக்கு அந்த வரம்பும் கிடையாது. வைகையின் உட்காரும் சீட்டு ஒரு நாள் கூலிக்குள் அடங்குகிறது. மிச்சமாகும் நூற்றுப்பத்து நிமிடத்துக்காக அந்தக் கூலி பெறுபவர் ஒரு வாரம் கூடுதலாக உழைக்கவேண்டும் என்றால் அவருக்கு எது விரைவு?

சேலத்து அனுபவமும் இதற்குத் துணை நிற்கிறது. ஓமலூர் அருகே காமலாபுரம் நிலையத்திலிருந்து 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் சென்னைக்கு விமானம் தொடங்கியது. சில ஆண்டுகளில் நின்றது. 2023 அக்டோபரில் மீண்டும் வந்தது. ஒரு மணி நேரத்தில் சென்னை என்பது ஈர்ப்பான எண்தான். சேலம் சந்திப்பிலிருந்து நாலைந்து மணி நேரத்தில் சென்னை சென்ட்ரலில் இறக்கும் ரயில்கள் நாள் முழுதும் இருக்கும் ஊரில், அந்த எண்ணால் மட்டும் ஒரு தடத்தைத் தொடர்ந்து நடத்த முடியவில்லை.

8. விளையும் முடிவுகள்

முழுப் பயணத்தை அளவுகோலாகக் கொண்டால் மதுரையில் செய்யவேண்டியவற்றின் வரிசை மாறுகிறது. ஆரப்பாளையத்திலிருந்து விமான நிலையத்துக்கு இருபது நிமிடம் குறைத்தால், ஏடிஆரை ஜெட்டாக மாற்றுவதைவிடக் கூடுதல் பலன் கிடைக்கும். பெரியார் பேருந்து நிலையம், ஆரப்பாளையம், ரயில்வே சந்திப்பு ஆகியவற்றை விமானப் புறப்பாடுகளின் நேரத்தோடு இணைக்கும் நம்பகமான நகரப் பேருந்து அதற்குப் போதும். திருமங்கலத்துக்கும் ஒத்தக்கடைக்கும் இடையே திட்டமிடப்பட்ட மெட்ரோ தடம் ஆரப்பாளையத்தைத் தொடவில்லை. ஆகவே அத்திட்டம் என்னவானாலும் இத்தேவை அப்படியே நிற்கும். சென்னைத் தடத்தில் சராசரி வேகத்தை 110க்கு உயர்த்துவதும், அந்த உயர்வில் வைகைக்கும் பங்கு கொடுப்பதும், இரவு ரயில்களில் பெட்டி கூட்டுவதும் அடுத்தவை.

மதுரை விமான நிலையத்துக்கு எதிரான வாதமாக இதைப் படிக்கக்கூடாது. 2010இல் புதிய முனையம் பெற்று, 2012இல் கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானத்தை அனுப்பிய அந்த நிலையம், வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் தேனி, ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்க் குடும்பங்களுக்கு ஈடில்லாதது. அங்கே ரயிலும் பேருந்தும் மாற்று அல்ல. சென்னையிலோ திருச்சியிலோ போய் ஏறும் கூடுதல் பயணத்தை நீக்குவதால், முழுப் பயணக் கணக்கிலும் மதுரையிலிருந்தே ஏறும் நேரடி விமானம் பெரும் மிச்சம். ஆனால் அதற்குத் தடையாக நிற்பது ஓடுபாதையின் நீளம் மட்டும் அல்ல. பன்னாட்டு விமானச் சேவை ஒப்பந்தங்களில் மதுரை சேர்க்கப்படாததால் பல வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே வர இயலாமல் இருப்பதும் ஒரு காரணம். அதைத் தீர்க்க நிலம் தேவையில்லை, டில்லியில் எடுக்கவேண்டிய முடிவு போதும். 2,285 மீட்டர் ஓடுபாதையை நீட்டிப்பதற்காகச் சின்ன உடைப்பு கிராமத்து வீடுகளைக் காலிசெய்யச் சொன்னபோது, 2024இல் அம்மக்கள் மறுகுடியமர்வு கேட்டுப் போராடினார்கள். அவர்களிடம் நிலம் கேட்கும் அரசு எந்தப் பயணத்தின் பெயரால் கேட்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் அகலமான விமானங்கள் வருவதற்காக என்றால் அதற்கான கணக்கை, ஒப்பந்தங்களின் நிலையோடு சேர்த்து, முன்வைக்கட்டும். சென்னை ஒன்றேகால் மணி நேரம் என்ற எண்ணை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது; அந்தத் தடத்தில் ஓடும் ஏடிஆருக்கு இப்போதுள்ள ஓடுபாதையே மிகுதி.